நாய்ஸ் கோவையில் எந்த வேரியபிளால் பெருக்கலாம்?

ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கணினி ஆட்டத்தில், நாய்ஸ் என்ற சீரற்ற மேடுபள்ளங்களைத் தரும் கணக்கை வைத்து மேப்பின் நிலத்தை உருவாக்கும் சூத்திரம்தான் நாய்ஸ் கோவை. மோட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் நிரல்) எழுதுகிறவர்கள் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பும் இந்தக் கோவைகளில் ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தொடக்க இடத்தைச் சுற்றி நிலம் அழகாக வருகிறது. பத்தாயிரம் டைல் (மேப்பின் சதுரக் கட்டம்) தள்ளிப் போனால் மேடும் ஏரியும் மெல்லிய கீற்றுகளாக நசுங்கிக் கிடக்கின்றன. ஆக்டேவைக் (நாய்ஸின் நுணுக்க அடுக்குகளை) குறைப்பார்கள், சீடை (மேப்பைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) மாற்றுவார்கள். சரியாகாது, ஏனென்றால் பிழை அங்கே இல்லை.

2024-இல் வந்த ஃபேக்டோரியோ 2.0-இல் நாய்ஸ் கோவையை நேரடியாகச் சூத்திரம் போலவே எழுதலாம். இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய், அப்புறம் மேப் சீட் எல்லாம் வேரியபிளாகத் தயாராக இருக்கும். ஆனால் எல்லா வேரியபிளும் ஒரே ரகம் இல்லை. சீடுக்கும், ஆட்டக்காரர் நகர்த்தும் ஸ்லைடருக்கும் மேப் முழுக்க ஒரே மதிப்புதான். தொடக்கத்திலிருந்து உள்ள தூரமோ டைலுக்கு டைல் மாறும். மேடுபள்ளத்தின் அளவை மாற்ற, முதல் ரகத்தால் எக்ஸ், ஒய்யைத் தாராளமாகப் பெருக்குங்கள். இரண்டாவதால் பெருக்கவே பெருக்காதீர்கள்.

கணக்குப் போட்டாலே தெரியும். நாய்ஸுக்குள் போகும் எண் ஒன்று கூடினால் சுமார் ஒரு மேடோ பள்ளமோ வரும். பெருக்கும் எண் 100 டைல் தூரத்துக்குள் 0.010-இலிருந்து 0.011 ஆக உயர்கிறது என்று வையுங்கள். எக்ஸ் 100-இலிருந்து 200-க்குப் போகும்போது உள்ளே போகும் எண் 1-இலிருந்து 2.2 ஆகும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே மாற்றம் 10,000-க்கும் 10,100-க்கும் நடுவே நடந்தால் 100-இலிருந்து 111.1 ஆகிவிடும். ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று!

தூரம் போகப் போக நிலத்தின் தன்மை மாற வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்கு மாறாத அளவுகளில் இரண்டு நாய்ஸ் எடுத்து, வெளியே வரும் மதிப்புகளைத் தூரத்தை வைத்துக் கலக்குங்கள். இரண்டுக்கும் தனித்தனி சீட் கொடுங்கள். பாதிக்குப் பாதி கலக்கும் இடத்தில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 30% குறைந்து நிலம் தட்டையாகும். அங்கே ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். கரையோரம் வளைந்து நெளிய வேண்டுமா? எக்ஸோடு ஒரு சின்ன நாய்ஸைக் கூட்டுங்கள். கூட்டினால் அதன் விளைவு எவ்வளவு தொலைவிலும் அதே அளவில் நிற்கும்.

அப்புறம், தொடக்க இடத்தின் பிரிவியூவை மட்டும் பார்த்து மோடை வெளியிடாதீர்கள். இந்த ஆட்டத்தின் மேப் நீளமும் அகலமும் 20 லட்சம் டைல் வரை இருக்கும். ஆட்டத்தின் கன்சோலில் (கட்டளை எழுதும் பெட்டியில்) டெலிபோர்ட் செய்து தொலைவில் நாலு இடமாவது பாருங்கள்.