ஐந்து நட்சத்திரத்துக்கு ஐந்து வெள்ளி: வாங்கலாமா, கூடாதா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் மேல்மாடி அக்கா இணையத்தில் ஒரு சின்ன மிக்ஸி வாங்கினார். 39 சிங்கப்பூர் வெள்ளி. பெட்டியைத் திறந்தால் மிக்ஸிக்கு மேலே தங்க நிறத்தில் ஓர் அட்டை. ஐந்து நட்சத்திரம் போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பினால் பேநவ் எனும் கைப்பேசிவழிப் பணமாற்றுச் சேவையில் 5 வெள்ளி அனுப்புவார்களாம். குறை ஏதும் இருந்தால் ரிவியூ எழுதுவதற்கு முன் தங்களிடம் பேச வேண்டுமாம். அக்கா அட்டையோடு கீழே இறங்கி வந்து கேட்டார்: "தம்பி, இதை வாங்கினா போலீஸ் கீலீஸ் வருமா?"

போலீஸ் வராது. ஆனால் அந்த அட்டையை அச்சடித்தவர் நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

சிங்கப்பூரில் இதற்கு அடிப்படை பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம். 2004 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. "காசு கொடுத்து நட்சத்திரம் வாங்கக் கூடாது" என்று இந்தச் சட்டத்தில் ஒரு தனி வரியைத் தேடினால் கிடைக்காது. அது வேறு விதமாகக் கேட்கிறது: வியாபாரி செய்த, சொன்ன, அல்லது சொல்லாமல் மறைத்த ஒன்றால் வாங்குபவர் ஏமாறக்கூடுமா? ஏமாறக்கூடும் என்றால் அது நியாயமற்ற நடைமுறை. ஒரே ஒரு தடவை செய்தாலும் போதும். சட்டத்தின் பின்னிணைப்பு அட்டவணையில் தனித்தனியாகப் பட்டியலிட்ட நடைமுறைகளும் உண்டு. அவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு மிக அருகில் வருகிறது: பொருளை விற்பதற்காகச் சொல்வதை ஒரு நடுநிலைக் கட்டுரை போலவோ ஆய்வறிக்கை போலவோ காட்டி, அது விளம்பரம் என்பதைச் சொல்லாமல் விடுவது.

இனி அக்காவின் அட்டைக்கு வருவோம். 4.9 என்று மின்னும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அக்காவே மிக்ஸி வாங்கினார். அந்த 4.9-க்குள் எத்தனை நட்சத்திரம் ஆளுக்கு 5 வெள்ளி வாங்கிக்கொண்டு வந்தவை என்பது அவருக்குத் தெரியாது, தெரிவிக்கவும் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ரிவியூ எழுதச் சொல்லிப் பரிசு தருவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஷாப்பி போன்ற தளங்களே படத்தோடு கருத்து எழுதினால், அடுத்து வாங்கும்போது கழித்துக்கொள்ளும் நாணயங்கள் தருகின்றன. ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டினாலும் அந்த நாணயம் வரும். அட்டைக்காரர் அப்படியில்லை. நல்லதைச் சொன்னால்தான் காசு, கெட்டதை என்னிடம் மட்டும் சொல் என்கிறார். ஒரு பக்கம் புகழ் விலைக்கு வாங்கப்படுகிறது, மறுபக்கம் குறை வெளியே வராமல் அமுக்கப்படுகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

சட்டத்தைத் தாண்டித் தளங்களின் சொந்த விதிகளும் இருக்கின்றன. அமேசான் 2016 அக்டோபரிலேயே, தானே பொருள் கொடுத்து எழுதவைக்கும் வைன் திட்டம் தவிர, இலவசப் பொருளுக்கோ தள்ளுபடிக்கோ பதிலாக எழுதும் ரிவியூக்களுக்குத் தடை போட்டுவிட்டது. கூகல் வரைபடத்தில் கடைகளுக்குப் போடும் நட்சத்திரங்களுக்கும் கைம்மாறு கொடுக்கக் கூடாது. சிராங்கூன் சாலையில் "கூகல் ரிவியூ போட்டால் ஒரு டீ இலவசம்" என்று எங்காவது ஒட்டியிருந்தால், கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் ஒட்டியிருப்பார், ஆனால் அது விதிமீறல்தான்.

சரி, வியாபாரி மீது யார் நடவடிக்கை எடுப்பது? முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் புகாரை வாங்கி, வியாபாரியோடு பேசி, இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கப் பார்க்கும். திருந்தாதவர்களைச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விசாரிக்கும். அந்த ஆணையம் 2018 ஏப்ரல் முதல் இந்தச் சட்டத்தைக் கவனித்துவருகிறது. இந்தச் சட்டத்தின்கீழ் அது நேரடியாக அபராதம் போடுவதில்லை. நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கும். தடையுத்தரவோடு சேர்த்து, அந்த விவரத்தை வியாபாரியே தன் செலவில் வெளியிட வேண்டும், புதிதாக வாங்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் ஆணையிடலாம். "என் மேல் தடையுத்தரவு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைவிட அபராதம் கட்டிவிட்டுப் போவது சுலபம் என்று எத்தனையோ வியாபாரிகள் நினைப்பார்கள்.

இது ஏட்டளவில் மட்டும் இல்லை. 2024-ல் கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்று போலி ஐந்து நட்சத்திர ரிவியூக்களைப் பதிவிட்டதாக ஆணையம் நடவடிக்கை எடுத்து, அதை வெளிப்படையாக அறிவித்தது. காசு கொடுத்து எழுதவைப்பதும் தானே எழுதிக்கொள்வதும் ஒன்றல்லதான். ஆனாலும் ஆணையம் நட்சத்திரங்களையும் கவனிக்கிறது என்பது அதோடு எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அக்காவுக்கு ஏன் போலீஸ் வராது? இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது தொழிலாகச் செய்பவர்களை. ஒரு தடவை 5 வெள்ளி வாங்கும் குடும்பத்தலைவி அதில் வரமாட்டார். தளம் வேண்டுமானால் அவர் ரிவியூவை நீக்கும், கணக்கை முடக்கினாலும் முடக்கும். ஆனால் "தொழில்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விற்பவர், தயாரிப்பவர் மட்டுமல்ல, பொருளைத் தொழில்முறையில் விளம்பரப்படுத்துபவரும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார். இன்ஸ்டாகிராமில் வாரம் நாலு சேலைக் கடைக்கு வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர் "நான் வெறும் வாடிக்கையாளர்" என்று ஒதுங்கிக்கொள்வது கஷ்டம். அவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்தின் ஆலோசனை மன்றமான விளம்பரத் தர ஆணையம் 2016-ல் சமூக ஊடக விளம்பரங்களுக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், விளம்பரத்தைப் பயனர் கருத்து போல வேடம் போட்டுக் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் இல்லை, வழிகாட்டிதான். என்றாலும் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அதை மதிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. விற்பவர் தொழில் செய்யாத தனிநபர் என்றால், அதாவது பக்கத்து புளோக்கில் யாரோ தன் பழைய மிக்ஸியைத் தள்ளிவிடுகிறார் என்றால், இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. வெளிநாட்டு வியாபாரி என்றால் கதை வேறு. வாங்குபவர் சிங்கப்பூரில் வசித்தால் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. ஆனால் எங்கோ கிடங்கு வைத்திருப்பவரை இங்கே இழுத்து வருவது லேசில் நடக்காது. அதற்குத் தளத்தின் வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் வேகம். அதனால் "பொருள் வந்தது" என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

அக்காவின் கதை 5 வெள்ளியோடு முடியவில்லை. மூன்றாம் நாள் தேங்காய் அரைக்கும்போது மிக்ஸியில் கருகல் வாடை. அவர் ஒரு நட்சத்திரம் போட்டார். பத்து நிமிடத்தில் விற்பவரிடமிருந்து செய்தி: "ரிவியூவை எடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்."

இங்கேதான் பலர் விட்டுக்கொடுக்கிறார்கள். பழுதான பொருளுக்கு நிவாரணம் கேட்பது உங்கள் உரிமை. நட்சத்திரத்தை அடகு வைத்து வாங்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இதே சட்டத்தில் பழுதுப்பொருள் விதிகள் இருக்கின்றன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுத்தபோதே இருந்த குறை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்பவர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள். அது முடியாவிட்டால், நியாயமான நேரத்தில் நடக்காவிட்டால், விலைக்குறைப்பு அல்லது பணம் வாபஸ். இந்த உரிமைகளை விட்டுக்கொடுத்ததாக எங்காவது 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைத் தட்டியிருந்தாலும் அது செல்லாது.

அப்புறம், அட்டையில் சொன்ன 5 வெள்ளி வராவிட்டால்? சிரிப்பாக இருந்தாலும் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தர மாட்டோம் என்று தெரிந்தே பரிசோ இலவசமோ தருவதாகச் சொல்வதும் பட்டியலில் உள்ள ஒரு நியாயமற்ற நடைமுறை.

பேச்சுவார்த்தை தோற்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக இணையத்திலேயே பதிவு செய்யலாம். 5,000 வெள்ளிக்குள் உள்ள கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. 39 வெள்ளி மிக்ஸிக்கு நான் போக மாட்டேன், 900 வெள்ளி குளிர்பதனப் பெட்டிக்கு நிச்சயம் போவேன். எதற்குப் போனாலும் கையில் இருக்க வேண்டியவை: பொருளின் பக்கத்தை வாங்கிய அன்று எடுத்த படம், ரசீது, உரையாடல், அந்த அட்டை. அட்டையைக் குப்பையில் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ "ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று வேலை கொடுப்பவர்கள் வியாபாரிகளே அல்ல. முதலில் சில வெள்ளி உண்மையாகவே வரும், பிறகு "அடுத்த கட்டத்துக்கு" முன்பணம் கேட்பார்கள், அது திரும்பாது. சந்தேகம் வந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண். அதற்குப் போலீஸ் வரும், நமக்கு உதவியாக.

அக்கா கடைசியில் ரிவியூவை எடுக்கவில்லை. அட்டையின் படத்தையும் அதிலேயே சேர்த்தார். தளத்தின் வழியாகக் கேட்ட பணம் ஐந்தாம் நாள் வந்தது. முறுக்குமாவுக்கு என் வீட்டு மிக்ஸியைத்தான் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.