டிஎன்ஏ ஃபிங்கர்பிரின்டிங்: மரபணு ரேகையா, மரபு ரேகையா?

செங்குன்றம் அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் நாலு அரிசியை வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றைப் பல்லில் கடித்து, ‘இது இன்ன ரகம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல வருடப் பழக்கம் அது. ஆனால் நெருங்கிய உறவுள்ள இரண்டு ரகங்களைத் தீட்டி வைத்துவிட்டால் அந்தக் கண்ணும் தடுமாறும். அப்போது அரிசியின் டிஎன்ஏவைத்தான் கேட்க வேண்டும். அந்த முறைக்குத்தான் டிஎன்ஏ ஃபிங்கர்பிரின்டிங் என்று பெயர்.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆலெக் ஜெஃப்ரிஸ் மனித டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, எக்ஸ்ரே ஃபிலிமில் ஆளுக்கு ஆள் மாறும் பட்டைகள் விழுந்தன. கைரேகையை ஒட்டி அதற்குப் பெயர் வந்தது. 1988இல் மனிதனிடமிருந்து எடுத்த அதே வகை டிஎன்ஏ துண்டைக் கொண்டு நெல்லைச் சோதித்தார்கள். நெல் ரகங்களும் தனித்தனிப் பட்டைகளைக் காட்டின.

நெல்லில் பரவலாகப் பார்ப்பது மைக்ரோசாட்டிலைட்டுகள் என்ற திரும்பல்களை. டிஎன்ஏவில் சில இடங்களில் ‘ஜிஏ ஜிஏ ஜிஏ’ என்று இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் 12 முறை, அடுத்ததில் 17 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மட்டும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, கூழ் போன்ற ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், குட்டையான துண்டு முன்னால் ஓடிவிடும், நெட்டையானது பின்தங்கும். சாயம் ஏற்றிப் புற ஊதா விளக்கில் வைத்தால் ஆரஞ்சு நிறக் கோடுகள் ஏணிப்படி போல ஒளிரும். இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தமிழுக்கு வருவோம். டிஎன்ஏ சோதனையை ‘மரபணுச் சோதனை’ என்று எழுதிப் பழகியதால் இதையும் மரபணு ரேகை என்கிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. மரபணு என்பது ஜீன். மேலே சொன்ன திரும்பல்களோ பெரும்பாலும் ஜீன்களுக்கு வெளியே கிடப்பவை. ‘மரபு ரேகை’ என்பதே பொருந்தும். ரேகை வடசொல்தானே, ‘வரி’ என்றால் என்ன? வரிப்புலி, வரிக்குதிரை என்று வாயில் புழங்கும் நல்ல சொல் அது. ஆனால் ‘மரபு வரி’ என்று எழுதினால் பரம்பரைச் சொத்துக்குப் போடும் வரி என்றுதான் படிப்பவர் நினைப்பார். கைரேகை நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட பிறகு ரேகையே இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. கைரேகை ஆளுக்கு ஒன்று. மரபு ரேகை இங்கே ரகத்துக்கு ஒன்று. தன் மகரந்தத்தாலேயே விளையும் தூய நெல் ரகத்தில் வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே ரேகைதான். ஒட்டு மாங்கன்றும் தாய்மரத்தின் ரேகையையே சுமக்கும். இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டு ரகமோ (ஹைப்ரிட்) தாய், தந்தை இருவரின் கோடுகளையும் சேர்த்துக் காட்டும். விதை தூயதா என்று சோதிக்க இதுவே பிடி. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்த பாரம்பரிய ரகங்களில் மட்டும் ஒரே வயலுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் இருக்கும். அங்கே ஒரு செடியின் இலையை மட்டும் அரைத்துப் பார்த்து ரகத்தைத் தீர்மானிக்கக் கூடாது.