செருகிய சாதனமும் உறங்காத மின்கலமும்

கையடக்கக் கணினியின் மின்கலம் சீக்கிரம் தீர்ந்தால் பலரும் திரையையும் புராசஸரையும்தான் குறைசொல்கிறார்கள். புராசஸர் உண்மையில் அடக்கமானது. அதன் மின்செலவு, நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கடிகார வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், இரண்டையும் 20 சதவீதம் குறைத்தாலே செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேலையில்லாத கணமெல்லாம் அதை உறங்கவைத்ததால்தான் 1996இல் வந்த பைலட் கைக்கணினி, இரண்டு சிறிய ஏஏஏ செல்களில் வாரக்கணக்கில் இயங்கியது.

சிக்கல் தொடங்குவது வெளிச்சாதனத்தைச் செருகும்போதுதான். உள்ளிருக்கும் பாகங்களின் இயல்பை வடிவமைத்தவர் அறிவார். நாளை யார் எதைச் செருகுவார்கள் என்பதை அவர் அறியமாட்டார். செவ்வக வடிவிலான (டைப்-ஏ) யுஎஸ்பி முனையைச் சற்று உற்றுப்பாருங்கள். ஓரங்களில் உள்ள இரண்டு மின்தகடுகள், நடுவிலுள்ள தரவுத்தகடுகளைவிடச் சற்று நீளமானவை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை முன்யோசனையைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இணைந்த சாதனம் உடனே விரும்பிய அளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. யுஎஸ்பி 2.0 விதிப்படி முதலில் 100 மில்லிஆம்பியர்தான் அனுமதி. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தெரிவித்து, கணினி இசைந்த பிறகே 500 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். 5 வோல்ட்டில் அது 2.5 வாட். 3.7 வோல்ட் தரும் 4000 மில்லிஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பதோ சுமார் 15 வாட்-மணி மட்டுமே. வேறெதற்கும் செலவிடாமல் அந்த ஒரு சாதனத்துக்கே கொடுத்தாலும் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது.

ஆகவே பயன்படாத சாதனத்தை உறங்கவைப்பது கட்டாயமாகிறது. இணைப்பில் 3 மில்லிவினாடி எந்த அசைவும் இல்லையென்றால் சாதனம் உறக்கநிலைக்குப் போக வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் உறங்கியபின் ஒழுங்காக விழித்தெழாத சாதனங்களும் இருப்பதால், இயங்குதளங்கள் அத்தகையவற்றை விழித்த நிலையிலேயே விட்டுவிடுகின்றன. அவற்றுக்காக இணைப்பைக் கவனிக்கும் சில்லும் விழித்திருக்க நேர்கிறது. திரை அணைந்து கணினி ஓய்வில் இருப்பதுபோல் தோன்றினாலும், அந்தச் சாதனத்தைப் பிடுங்கும்வரை மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும்.