எத்தனை மார்க் வந்தது?

செயலி போட்ட எண்ணோடு ஒருவர் என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. ஒரு தந்தை அலைபேசியை மேசையில் வைத்து என் பக்கமாகத் திருப்பினார். "27-க்கு 19 வந்திருக்கிறது மேடம். எத்தனைக்கு மேல் போனால் மாத்திரை?" பக்கத்தில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கும் மகன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் மாத்திரை எழுதும் மருத்துவர் அல்ல, உளவியல் ஆலோசகர் என்று வழக்கம்போல் முதலில் சொன்னேன். (வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.) பிறகு, "இதற்கெல்லாம் யார் பதில் போட்டது?" என்று கேட்டேன்.

"நான் வாசித்தேன், அவன் சொன்னான். தூக்கத்துக்கு மட்டும் நானே போட்டேன். ராத்திரி மூன்று மணி வரை இவன் முழித்திருப்பது எனக்குத் தெரியாதா?"

"கடைசிக் கேள்விக்கு?"

"அதற்கு சைபர் போட்டேன் மேடம். அந்த மாதிரி எண்ணமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது."

அவரைத் திட்டுவதில் பயனில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணையும் கட்-ஆஃபையும் வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானித்துப் பழகிய ஊர் இது. மனதுக்கும் ஒரு கட்-ஆஃப் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

அவர் காட்டியது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். ஸ்பிட்சர், குரோங்கே, வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 5, 10, 15, 20 ஆகிய எண்களில் லேசானது, மிதமானது என்று படிகள் மாறும். பதற்றத்துக்கு 2006-இல் வந்த ஜி.ஏ.டி-7 இருக்கிறது; அது 21-க்கு. இரண்டும் இலவசம் என்பதால் எல்லாச் செயலிகளிலும் இவைதான். முன்பு தாளில் போட்டுக் கையால் கூட்டினோம். இப்போது செயலியே கூட்டி, வாரவாரம் கோடு வரைந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் தீட்டிவிடுகிறது. அந்த நிறத்தைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு மூளை வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது. ஆலோசகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"சர்க்கரை டெஸ்ட் மாதிரிதானே மேடம்?" என்று கேட்கிறார்கள். இல்லை. இதைப் பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நீங்கள் வெட்கப்பட்டாலும் இருக்கும், பொய் சொன்னாலும் இருக்கும், பக்கத்தில் மாமியார் நின்றாலும் இருக்கும். இந்தக் கேள்வித்தாளில் அளக்கப்படுபவரும் அளப்பவரும் ஒரே ஆள். அவர் எப்படிப் புரிந்துகொண்டார், எந்த மனநிலையில் தொட்டார், யார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதில் ஐந்து கேள்விகள் தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை பற்றியவை. டெங்கு வந்து தேறிக்கொண்டிருப்பவர், தைராய்டு குறைந்தவர், இரத்தசோகை உள்ளவர், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் ஆகியோர் இந்த ஐந்துக்கும் நேர்மையாக 3 போட்டால் 15 வந்துவிடும். செயலி 'ஓரளவு கடுமையான மனச்சோர்வு' என்று சொல்லும். அவர்களுக்கு மனச்சோர்வும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உட்கார்ந்து பேசினால்தான் தெரியும், சில நேரம் ஓர் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கணவரின் கருமாதி முடிந்து நாலு நாள்கூட ஆகாத ஒரு பெண்மணியை 'சிவப்பு' என்று சொல்லி என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் சிவப்பில் இல்லாவிட்டால்தானே நான் கவலைப்பட வேண்டும்?

எண்ணைப் பார்த்து மாத்திரை கேட்பவர்களுக்கு இன்னொன்று. இந்த ஒன்பது கேள்விகளில் ஒன்றுகூட, 'தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு அலைந்த காலம் உண்டா' என்று கேட்பதில்லை. இந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மறுபக்கம் கவிழலாம். மனநல மருத்துவர் அரைமணி நேரம் பழைய கதையெல்லாம் கேட்பது அதற்காகத்தான், பொழுதுபோகாமல் இல்லை.

பூஜ்யமும் பொய் சொல்லும். நம் ஆட்கள் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கை கால் எரிகிறது என்பார்கள். 'சோர்வாக, நம்பிக்கையற்று உணர்ந்தீர்களா' என்ற மொழிபெயர்ப்பு அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்விடும். 'பல நாட்கள்', 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' ஆகிய இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம். நான் அந்தச் சொற்களையே விட்டுவிட்டேன். "பதினான்கு நாளில் எத்தனை நாள்?" என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவு குறை சொல்பவள் இதை ஏன் பயன்படுத்துகிறேன்? ஆரம்பத்தில் நானும் பயன்படுத்தவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்ற கர்வம். அமெரிக்காவில் உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட்டின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. சுமார் 550 பேருக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த சிகிச்சையாளர்களிடம், இவர்களில் யாருடைய நிலை மோசமாகும் என்று கேட்டார்கள். மூன்று பேரைச் சுட்டினார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். மறுநாள் என் பழைய குறிப்பேடுகளை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்தியவர்களின் பெயர்களை எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே எழுதும் துணிச்சல் இல்லை.

ஆகவே, யார் மோசமாகிறார் என்பதை என் கண்ணை மட்டும் நம்பாமல் எண்ணையும் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒற்றை எண்ணால் பெரிய பயனில்லை. ஒருவருடைய எண்ணை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பயன். அதிலும் 10 என்பது 9 ஆனதும் மஞ்சள் பச்சையாகிவிட்டது என்று கைதட்டாதீர்கள். பி.எச்.க்யூ-9-இல் ஐந்து புள்ளிகளாவது நகர்ந்தால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்கிறோம். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவது முந்தின நாள் தூக்கத்தின் வேலையாகக்கூட இருக்கும். கேள்வித்தாளின் அடியில், கூட்டலில் சேராத ஒரு கேள்வியும் உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை பார்ப்பதும் வீட்டைக் கவனிப்பதும் பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகிவிட்டன? எண் வராது என்பதால் சில செயலிகள் அதை வெட்டிவிட்டன. எனக்கு அதுதான் முக்கியம்.

இனி, ஒன்பதாவது கேள்வி. 'செத்துப்போனால் நல்லது என்றோ உங்களை ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா?' அந்தத் தந்தை சைபர் போட்ட கேள்வி.

இதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டிலிருந்தே நிரப்பட்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன்பு எல்லோருக்கும் இணைப்பை அனுப்பிவந்தேன். ஒரு பெண் சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒன்பதாவது கேள்விக்கு 3 போட்டிருந்தார். செயலி கடமை தவறாமல் சிவப்புக் கொடி காட்டியிருக்கிறது. நான் அதைப் பார்த்தது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அவருடைய அக்கா ஊரிலிருந்து வந்து கூடவே இருந்ததால் ஒன்றும் நேரவில்லை. அதில் என் திறமை எதுவும் இல்லை. பிறகு அவர் என்னிடம் சொன்னது இது: "நான் போட்டதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் மேடம்."

ஆலோசகர்களே, நிரப்பும் நேரத்தில் பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் அந்தக் கேள்வியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒன்பதாவதை நீக்கிய பி.எச்.க்யூ-8 இருக்கிறது, அதை அனுப்புங்கள். ஒன்பதாவதை நேரில் வாயால் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். எண்ணை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த அமர்வில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதற்கு, வாங்காமலே இருந்துவிடலாம். வந்தவருக்கு அது அவமானம்.

அலைபேசி யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். நம் வீடுகளில் மனைவியின் அலைபேசி கணவரிடமும், மாமியாரின் அலைபேசி பேரனிடமும் இருக்கும். 'உங்கள் மனநிலைப் படிவம் காத்திருக்கிறது' என்று பூட்டிய திரையில் மின்னும் ஒரு வரி வீட்டில் என்ன கலவரத்தைக் கிளப்பும் என்பது செயலி எழுதியவருக்குத் தெரியாது. தகவல் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த புகாரில், பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம் 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர், 2020-இல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார். படிவத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் மையங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக எண்ணைக் குறைக்காதீர்கள். "மேடம் இவ்வளவு பாடுபடுகிறீர்கள், கூடப் போட்டால் வருத்தப்படுவீர்கள் என்று குறைத்துப் போட்டேன்" என்று ஓர் ஆசிரியை சொன்னார். நான் வருத்தப்பட்டால் படட்டும், அது என் தொழில். இரவில் அந்தக் கடைசிக் கேள்வி உங்களை அழுத்தினால் படிவத்தைத் திறக்காதீர்கள், 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அன்றைக்குத் தந்தையை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, மகனிடம் தாளும் பென்சிலும் கொடுத்தேன். இந்த முறை மொத்தம் 14 வந்தது, அப்பாவின் கணக்கைவிட ஐந்து குறைவு. ஒன்பதாவதில் மட்டும் 1 போட்டு, அழித்து, மறுபடியும் 1 போட்டிருந்தான். மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம். அப்பாவிடம் எதைச் சொல்வது என்று அவனிடமே கேட்டு, அவன் சம்மதத்தோடு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இங்கே எழுதவும் அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் அந்தத் தந்தை அழைத்தார். "இப்போது எத்தனை மேடம்?"

மகனுக்கு வயது பத்தொன்பது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவன் சம்மதமில்லாமல் நான் சொல்ல முடியாது என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "ராத்திரி இப்போது பன்னிரண்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறான்" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன்.