நடுப்பருவ விஞ்ஞானிக்கு நேரம் வாங்கித் தரும் மானியம்

1991 இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் புதுமுகம் இல்லை. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு உயிரியலுக்கு மாறி, அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்திருந்தார். நாற்பதை நெருங்கும் அந்த வயதில், ககன்ஹைம் அறக்கட்டளையின் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குப் போய், மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டறிய உதவும் எக்ஸ்-கதிர் படிகவியலைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்று அவருடைய குழு 2000 இல் வெளியிட்டது, 2009 இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கு முன்னால், ஏற்கெனவே பெயர் எடுத்த ஒருவர் மறுபடி மாணவராக உட்கார ஒரு வருடம் கிடைத்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த மாதிரி நேரத்தை அரசுப் பணத்தில் தருவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு திட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கு மானியம் தரும் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) ‘மிட்-கேரியர் அட்வான்ஸ்மென்ட்’ திட்டம். சுருக்கமாக எம்.சி.ஏ. என்பார்கள், நம் ஊர்க் கணினிப் பட்டப்படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே சொல்லும் விதிகள் 2022 இல் வெளியான அறிவிப்பில் இருந்தவை, அதற்குப் பிறகு மாறியிருக்கலாம்.

யாருக்கு? முக்கியமாக இணைப் பேராசிரியர்களுக்கு, அல்லது அதற்குச் சமமான பதவியில் இருப்பவர்களுக்கு. அந்தப் பதவியில் குறைந்தது மூன்று வருடம் முடித்திருக்க வேண்டும். மானியம் தனிநபரின் கணக்குக்கு வராது, அவர் வேலை பார்க்கும் அமெரிக்க நிறுவனத்துக்குத்தான் போகும். ஆகவே இங்கிருந்து நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை.

ஏன் இந்தப் பருவத்துக்கு மட்டும் தனித் திட்டம்? உதவிப் பேராசிரியராக இருக்கும்போது, புதிதாக வந்தவர் என்று பல்கலைக்கழகம் கொஞ்சம் விட்டுவைக்கும். இணைப் பேராசிரியராகி வேலை நிரந்தரமான மறுநாளிலிருந்து எல்லாம் தலையில் ஏறும்: சேர்க்கைக் கமிட்டி, பாடத்திட்டக் கமிட்டி, கூடுதல் வகுப்புகள், மற்றவர்களின் கட்டுரைகளுக்கு மதிப்பாய்வு. இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை, பெண்கள் மேல் அதிகமாகவே விழுகிறது. அதைக் குறைப்பதையும் திட்டம் தன் நோக்கமாகச் சொல்கிறது. திறமை குறைந்து ஆராய்ச்சி நிற்பதைவிட, உட்கார்ந்து யோசிக்க ஒரு மதியம் கிடைக்காமல் நிற்பதுதான் அதிகம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதனால்தான் எம்.சி.ஏ. தரும் முதல் பொருள் நேரம். மூன்று வருட காலத்துக்குள் மொத்தம் ஆறரை மாதச் சம்பளம் வரை மானியத்திலிருந்து எடுக்கலாம். அது இல்லாமல், ஆய்வின் நேரடிச் செலவுகளுக்கு 1,00,000 டாலர் வரை. என்.எஸ்.எஃப்.பின் வழக்கமான மானியங்களில் ஒருவருக்கு வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

இரண்டாவது பொருள், கூட்டாளி. இந்த மானியத்தைத் தனியாகக் கேட்க முடியாது. புதிய திறனைக் கற்றுத் தரக்கூடிய ஒருவரோடு, பெரும்பாலும் வேறு நிறுவனத்தில் இருப்பவரோடு, சேர்ந்து திட்டமிட வேண்டும். அவர் வேறு துறைக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அதை வரவேற்கிறார்கள்.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். தேனீக்களைப் பத்து வருடமாகப் பார்த்து வரும் ஒரு உயிரியலாளர். பூக்களுக்குப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்த ஆயிரம் மணி நேர ஒலிப்பதிவு அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது. எந்த ரீங்காரம் எந்த இனத்துடையது என்று காதால் கேட்டுப் பிரிக்கவே ஆயுள் போதாது. ஒலிச் சமிக்ஞைகளைக் கையாளும் ஒரு பொறியாளரோடு ஆறு மாதம் உட்கார்ந்தால், அந்தப் பதிவுகளிடம் இதுவரை கேட்க முடியாத கேள்விகளைக் கேட்கலாம். இதுதான் திட்டம் தேடும் வகை.

ஆனால் விண்ணப்பத்தில் “பொறியாளர் எனக்குக் கற்றுத் தருவார்” என்று மட்டும் எழுதினால் போதாது. கூட்டு இரண்டு பக்கத்துக்கும் பயன்பட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. காற்றும் மழையும் கலந்த, சுத்தமில்லாத ஒலியில் தன் முறை தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிக்கும் வாய்ப்பு பொறியாளருக்குக் கிடைக்கிறதே, அதை எழுத வேண்டும். விண்ணப்பதாரரின் தொழில் வாழ்க்கையை இது எப்படி முன்னே நகர்த்தும் என்பதும் மதிப்பீட்டில் வரும். மானியத்துக்குப் பொறுப்பேற்கும் முதன்மை ஆய்வாளர் ஒருவர்தான், இணை முதன்மை ஆய்வாளர் கிடையாது.

துறைத் தலைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆறரை மாதச் சம்பளம் கிடைத்த பிறகும் பழைய வகுப்புகளும் கமிட்டிகளும் அப்படியே தொடர்ந்தால் மானியம் வாங்கியதே வீண். எந்த வகுப்பை யார் எடுப்பார்கள் என்பது வரை எழுத்தில் இருந்தால் நல்லது.

அப்புறம் இன்னொரு விஷயம். என்.எஸ்.எஃப்.பின் எல்லாப் பிரிவுகளும் இதில் பங்கேற்பதில்லை. முழு விண்ணப்பத்தை எழுத ஆரம்பிக்கும் முன், யோசனையை ஒரு பக்கத்தில் சுருக்கி, சம்பந்தப்பட்ட பிரிவின் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். இந்தச் சுற்றுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா, உங்கள் ஆய்வு அந்தப் பிரிவில் பொருந்துமா என்று இரண்டே கேள்வி போதும்.