கோதுமைப் பசை ஒன்றல்ல

ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, மெல்லிய நீர்த்தாரையில் காட்டிக் கசக்கிப் பாருங்கள். பால்போல வழிந்தோடுவது மாவுச்சத்து. நீர் தெளிந்த பிறகு கையில் மிஞ்சுவது சாம்பல் பூத்த மஞ்சளில் ஒரு சிறு உருண்டை. இழுத்தால் நீளும், விட்டால் பாதி தூரம் திரும்பும். இத்தாலியின் பொலோஞ்யா நகரில் யாக்கோபோ பெக்காரி இப்படிக் கழுவிப் பிரித்ததைப் பற்றிய அறிக்கை 1745-ல் அச்சேறியது. அந்த உருண்டைதான் குளூட்டன்.

குளூட்டன் என்று ஒருமையில் சொல்லிப் பழகியதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. அந்த உருண்டைக்குள் இருப்பது பல டஜன் புரதங்களின் கூட்டம். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கிளையடின்கள் தனித்தனி மூலக்கூறுகள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மாவு நீள்வது இவற்றால். குளூட்டெனின்கள் கந்தகப் பாலங்களால் கைகோத்து மிக நீண்ட சங்கிலிகளாகி நிற்கும். நீண்ட மாவு திரும்பச் சுருங்குவது இவற்றால். இரண்டும் எந்த அளவில், எந்த வடிவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கோதுமை உப்பலான ரொட்டிக்கு ஆகும், இன்னொன்று மொறுமொறு பிஸ்கட்டுக்கு ஆகும்.

இனி மரபணு. ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் அடுத்தடுத்துக் கலந்து பிறந்தது. ஒவ்வொன்றும் 14 குரோமோசோம்களைக் கொண்டுவர, மொத்தம் 42. இந்த மூன்று தொகுதிகளுக்கும் ஏ, பி, டி (A, B, D) என்று பெயர். பெரிய வகைக் குளூட்டெனின்களுக்கான மரபணுக்கள் ஒவ்வொரு தொகுதியின் முதல் குரோமோசோமிலும் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஆக ஆறு. ஆனால் பெரும்பாலான ரகங்களில் வேலை செய்வது மூன்று முதல் ஐந்துதான், மற்றவை ஊமை. கிளையடின் மரபணுக்களோ முதல், ஆறாம் குரோமோசோம்களில் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன.

எப்படி ஊமையாயின? குளூட்டன் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளூட்டமின் என்னும் ஒரே அமினோ அமிலம். மரபணு எழுத்தில் அதைக் குறிக்கும் சொற்கள் இரண்டு: சிஏஏ, சிஏஜி. இவற்றின் முதல் எழுத்து ‘சி’ தவறிப்போய் ‘டி’ (T; இது டி தொகுதி அல்ல) ஆனால் டிஏஏ, டிஏஜி. இரண்டுக்கும் ‘இத்தோடு நிறுத்து’ என்று பொருள்! ஒரே ஓர் எழுத்துப் பிழையில் புரதம் பாதியில் அறுந்துவிடும். குளூட்டமின் இவ்வளவு மலிந்த மரபணுவில் எங்கு கை தவறினாலும் இந்தக் குழியில் விழ வாய்ப்பு உண்டு. அதனால்தான் கிளையடின் மரபணுக்களில் செத்த பிரதிகள் அவ்வளவு அதிகம். போதாக்குறைக்கு ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதால், நகலெடுக்கும்போது ஒரு வரி விடுபடுவதும் ஒரு வரி இரண்டு முறை எழுதப்படுவதும் சகஜம். புரதம் குட்டையாகும், அல்லது நீளும்.

இத்தனை பிழையும் எப்படித் தலைமுறை தாண்டுகிறது? ஒரு நொதியில் இப்படி நேர்ந்தால் செடி பிழைக்காமலே போகலாம். குளூட்டனோ முளைக்கும் கன்றுக்கு வைத்த கட்டுச்சோறு. கொஞ்சம் உருமாறினாலும் கன்று தின்றுவிட்டு வளர்ந்துவிடும். எனவே இயற்கை இந்தப் பிழைகளைப் பெரிதாகக் களையெடுப்பதில்லை.

பாரம்பரிய ரகங்களின் வளம் இதில்தான் இருக்கிறது. ஒரு பாரம்பரிய ரகம் என்பது ஒற்றை ரகமே அல்ல, ஒரு கூட்டம். கோதுமைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால், வயலில் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூடத் தனித்தனிக் கால்வழிகளாக நிற்கும். உழவர்கள் கதிரையும் மணியையும் பார்த்து விதை எடுத்தார்கள். புரதத்தைப் பார்த்து எடுக்க வழியில்லை. அதனால் எல்லா வடிவமும் கலந்தே வந்தன.

அதைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. ஒரு மணியைக் குறுக்கே வெட்டுவார்கள். கரு இல்லாத பாதியைப் பொடித்து, கந்தகப் பாலங்களை உடைக்கும் கரைசலில் கரைத்து, ஜெல்லில் ஊற்றி மின்சாரம் செலுத்துவார்கள். சிறிய புரதங்கள் வேகமாக ஓடும், பெரியவை பின்தங்கும். சாயமிட்டால் ஏணிப்படி போல நீலக் கோடுகள் தெரியும். கரு உள்ள பாதியோ பத்திரமாக இருக்கும். கோடுகள் பிடித்திருந்தால் அதை நட்டு வளர்க்கலாம். இவ்வகைக் கோடுகளைப் பார்த்து ஆய்வாளர்கள் பெய்னும் லாரன்ஸும் 1983-ல் பெரிய குளூட்டெனின்களின் பட்டியல் போட்டார்கள்: ஏ-யில் 3 வடிவங்கள், பி-யில் 11, டி-யில் 6. பாரம்பரிய ரகங்களைத் துழாவத் துழாவப் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. டி தொகுதியில் பொதுவாக வேறுபாடு குறைவு; காட்டுப்புல் ஒன்று கோதுமையோடு கலந்து அந்தத் தொகுதி உள்ளே வந்ததே மிகச் சில தடவைதான்.

அந்த டி-யில் ‘5+10’ என்றொரு ஜோடி உண்டு. அதன் ‘5’ புரதத்தில் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் ஒன்று கூடுதல். கைகோக்க இன்னொரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு வலுவாகும், இயந்திரப் பிசைவைத் தாங்கும். ரொட்டித் தொழில் இதை விரும்பியது. நவீன ரகங்களில் இது பரவலானது. தேர்வு கூர்மையாகும்போது மற்ற வடிவங்கள் விதைப் பெட்டிக்குள் ஒதுங்கிவிடுகின்றன.

பழைய கோதுமையில் குளூட்டன் குறைவு என்ற பேச்சை மட்டும் நான் நம்பமாட்டேன். ஜெர்மனியில் 1891 முதல் 2010 வரை வெளிவந்த 60 குளிர்காலக் கோதுமை ரகங்களை ஒன்றாக விளைவித்துப் பார்த்தார்கள். மொத்தக் குளூட்டன் ஏறக்குறைய மாறவில்லை. கிளையடின் சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது, குளூட்டெனின் சுமார் 25 சதவீதம் கூடியிருந்தது. வித்தியாசம் அளவில் இல்லை, சேர்மானத்தில்.

குளூட்டனைத் தின்றால் குடல் புண்படும் சிலியாக் நோயிலும் கதை சேர்மானம் பற்றியதுதான். 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குளூட்டன் துண்டு செரிமான நொதிகளுக்கு மசியாமல் குடலில் தங்கி, அந்நோய் உள்ளவர்களின் நோயெதிர்ப்பைக் கிளறுவது 2002-ல் தெரியவந்தது. அது டி தொகுதியின் ஆல்ஃபா என்னும் வகைக் கிளையடினிலிருந்து வருவது. பழங்காலக் கோதுமைகளான, ஏ மட்டுமே உள்ள ஐன்கார்னிலும், ஏ-பி கொண்ட எம்மரிலும் டி-யே கிடையாது; எனவே அந்தத் துண்டும் இல்லை. ஆனால் உடலைச் சீண்டும் வேறு துண்டுகள் ஏ-யிலும் பி-யிலும் நிறைய. சிலியாக் உள்ளவர்கள் இவற்றையும் தொடக்கூடாது.

சீண்டும் புரதங்கள் குறைந்த கால்வழிகளைப் பாரம்பரிய ரகங்களில் தேடி, கலப்பினம் செய்து சேர்க்க முயல்கிறார்கள். சிக்கல் இடத்தில் இருக்கிறது. முதல் குரோமோசோமின் குட்டையான பகுதியில் கிளையடின் கொத்துக்கு ஒட்டினாற்போலவே, மாவுக்கு வலு தரும் சிறு குளூட்டெனின்களின் மரபணுக்களும் அமர்ந்திருக்கின்றன. ஒன்றைக் கலப்பினத்தில் விலக்கப் போனால் பெரும்பாலும் மற்றதும் கூடவே போய்விடுகிறது.