இரும்பு கனமாக இருந்தால் மட்டும் போதாது

ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சென்ற வாரம் அதில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரில் மோதிய ஒரு பழைய ஃபோர் வீல் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும்) ஜீப்பைக் கட்டி இழுத்து எங்கள் பொள்ளாச்சிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பம்பர் லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஓட்டியவருக்கோ ஸ்டியரிங் இடித்து விலா எலும்பு முறிந்திருந்தது. உடன் வந்த உறவினர், “அந்தக் காலத்து இரும்புங்க, வண்டிக்கு ஒண்ணுமே ஆகலைங்க” என்று பெருமையாகச் சொன்னார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

வண்டிக்கு ஒன்றும் ஆகாததுதான் சிக்கலே. மோதும்போது வண்டியின் வேகம் எதிலாவது செலவாகியே தீரும். இன்றைய செடானின் முன்பகுதி மடங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அது மடங்கும் கண நேரத்தில் வேகத்தின் பெரும்பகுதி கரைந்துவிட, ஆட்கள் இருக்கும் கூண்டு குலையாமல் நிற்க, மிச்ச அடியை சீட் பெல்ட்டும் ஏர்பேகும் வாங்கிக்கொள்கின்றன. பழைய ஜீப்பின் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் மடங்காது, ஸ்டியரிங் தண்டும் விட்டுக்கொடுக்காது; ஆகவே அடி முழுவதும் மார்புக்கு வந்து சேர்கிறது. செடான் அப்பளமாக நொறுங்கிவிட்டதென்று கேலி செய்கிறவர்கள், அதற்குள்ளிருந்து இறங்கி நடந்து வந்தவரைக் கவனிப்பதே இல்லை.

ஃபோர் வீல் இருப்பதால் வளைவில் பிடிப்பு கிடைக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. சேற்றிலிருந்து வண்டியைக் கிளப்ப அது உதவும்; நிறுத்த உதவாது. பழைய ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலை வளைவில் ஃபோர் வீலைப் போட்டால் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, வண்டி திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக ஓடும்.

அந்த ஜீப்பின் முன் பிரேக் டிரம்மைக் கழற்றினோம். டிரம்மை உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங் கருகிக் கண்ணாடிபோல் வழவழப்பேறியிருந்தது. டிரம்மின் உள்வட்டத்தில் சூட்டினால் உண்டான நீலத் திட்டுகள். பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. செடான் ஓட்டிப் பழகியவர், நான்காவது கியரிலேயே பிரேக்கை மிதித்தபடி இறங்கியிருக்கிறார்; பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. 2019 முதல் நம் நாட்டில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வசதியில் பழகிய கால், டிரம் பிரேக்கிலும் அதையே எதிர்பார்க்கிறது. (பெயின்டுக்கும் பெரிய டயருக்கும் விளக்கு வரிசைக்கும் கொட்டுகிற பணத்தில் கொஞ்சம், லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டருக்கும் ஒதுக்கக் கூடாதா? பெரிய டயர் மாட்டினால் பிரேக்கின் வேலை கூடுகிறது என்பதாவது தெரியுமா?)

மலையேறும் முன் நான்கு டிரம்களையும் திறந்து பாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவதை இன்றோடு விடுங்கள். பின்னால் எதிரெதிராகப் போட்ட நீள இருக்கையில் பெல்ட் இல்லாமல் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். குடும்பத்தோடு வால்பாறை போகிற நாளில் செடானை எடுங்கள். ஜீப் தோப்புக்குத் தேங்காய் ஏற்றப் போகட்டும்.